உன் நன்றியைத் திருப்பி அனுப்புகிறேன்

தம்பி,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கினால் முதல் வரியிலேயே பொய் சொன்னதாகிவிடும். உன் நலம் எனக்குத் தெரியும், நேற்றுத்தான் ஃபோனில் பேசினோம். என் நலம் சரியில்லை. காய்ச்சல் இல்லை, பிரஷர் கூடவில்லை, ஆனால் இருப்புக் கொள்ளவில்லை. கதிரையில் உட்கார்ந்தால் எழும்பச் சொல்கிறது. கேட் வரை போனால் திரும்பச் சொல்கிறது. ஊற்றிய தேத்தண்ணி ஆறிப்போய் மேசையில் இருக்கிறது. இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்தாயிற்று. காலமெல்லாம் பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதச் சொல்லிக் கொடுத்தவனுக்குச் சொந்த மகனுக்கு நாலு வரி எழுத வரவில்லை பார். ஃபோனில் சொல்லலாம்தான். சொன்னால் நீ "விடுங்கப்பா, பழசெல்லாம் எதுக்கு" என்று சொல்லி வைத்துவிடுவாய். காகிதம் அப்படி வைக்காது.

சஞ்சயும் அம்மாவும் கடுகண்ணாவைக்குச் சித்தி வீட்டுக்குச் சும்மா போயிருக்கிறார்கள் என்று நேற்று உன்னிடம் சொன்னேன் அல்லவா, அது பொய். உன் அம்மா என்னோடு சண்டை பிடித்துக்கொண்டு போயிருக்கிறாள். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து தனியாக ரயில் ஏறாதவள், வியாழக்கிழமை காலை பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு த்ரீவீல் ஏறி, தலாத்துஓயாவிலிருந்து கண்டி ஸ்டேஷனுக்குப் போய்விட்டாள். போகும்போது வாசலில் நின்று சொன்னாள்: "அவனுக்கு எல்லாத்தையும் எழுதுங்க. ஒண்ணு விடாம எழுதுங்க. எழுதிட்டேன்னு நீங்க சொன்னா தான் நான் இந்தப் படி ஏறுவேன்." அடுத்த சனிக்கிழமை நீயும் மருமகளும் சஞ்சயின் பெட்டி படுக்கையோடு வந்து, அவனை இங்கே விட்டுவிட்டு, இரண்டு வருஷத்துக்குக் கத்தார் போகப் போகிறீர்கள். கண்டியில் பாடசாலையும் கிடைத்துவிட்டது. அவனை எங்களிடம் விடலாமா, விடக்கூடாதா என்று முடிவு செய்வதற்கு முன் நீ தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அதை நான் இத்தனை வருஷம் உனக்கு மறைத்தேன்.

உன் பேச்சிலிருந்து தொடங்குகிறேன். மூன்று ஞாயிற்றுக்கிழமைக்கு முன் நம் பாடசாலை ஆண்டு விழாவில் உன்னைப் பேசக் கூப்பிட்டார்கள். ஹேவாஹெட்டவுக்கு மேலே தேயிலைக்கு நடுவில் ஒரே நீள மண்டபமாக இருந்த பாடசாலை, இப்போது மாடிக் கட்டடம். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நீ மைக்கைப் பிடித்துச் சொன்னாய்: "நான் இன்னைக்கு ஒரு இன்ஜினியரா உங்க முன்னாடி நிக்கிறேன்னா அதுக்கு ஒரே காரணம் எங்கப்பா அடிச்ச அடி. அந்த அடி இல்லாட்டி நானும் கவாத்துக் கத்தியோட மலையில தான் நின்னுருப்பேன். நன்றிப்பா." மண்டபமே கைதட்டியது. பாடசாலை அதிபர் தட்டினார், பெற்றோர் தட்டினார்கள், பிள்ளைகளும் தட்டினார்கள். பாவம், எதற்குத் தட்டுகிறோம் என்று அதுகளுக்குத் தெரியுமா? நான் எழும்பிக் கும்பிட்டேன். பல் தெரியச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்கே என் முகத்தில் அறைய வேண்டும் போலிருக்கிறது. பார், இப்போதும் அடிக்கத்தான் தோன்றுகிறது எனக்கு.

நீ ஊர் கூடிய இடத்தில் பேசியதால் இதையும் மூடி ஒட்டாத கடிதமாகத்தான் எழுதுகிறேன். விழா மலர் இன்னும் அச்சுக்குப் போகவில்லையாம், என்னிடம் நாலு பக்கம் கேட்டிருக்கிறார்கள். "எங்கள் காலத்துக் கல்வி" என்று ஏதாவது எழுதுங்க சார் என்றார்கள். இதைத்தான் கொடுக்க நினைக்கிறேன். ஆனால் நீ படித்துச் சரி என்று சொன்னால்தான் கொடுப்பேன். உன்னைக் கேட்காமல் உன் விஷயத்தை நான் நாலு பேருக்குச் சொன்ன காலம் ஒன்று இருந்தது. அது போதும்.

நான் எப்படி அடிக்கத் தொடங்கினேன் என்று உனக்குத் தெரியாது. என் அப்பா என்னை அடித்ததே இல்லை, தம்பி. அவர் தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டியவர். கங்காணியிடம் நாள் முழுக்க ஏச்சு வாங்கியவர். வீட்டுக்கு வந்தால் கையைக் கழுவிவிட்டு என்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வார். ஆகவே பரம்பரை என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை. தோட்டத்து வரிசை வீடுகளில், எங்கள் லயத்திலிருந்து வாத்தியார் வேலைக்குப் போன முதல் ஆள் நான். முதல் விஜயதசமிக்குப் பிள்ளைகளைச் சேர்க்க வந்த தகப்பன்மார், தட்டில் வெற்றிலை பாக்கோடு, கவாத்து மலையில் பொறுக்கிய தேயிலைக் குச்சி ஒன்றைத் தோல் சீவி, வழவழவென்று ஆக்கிக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்கள். "கண்ணு ரெண்டையும் விட்டுட்டு மத்த தோல உரிச்சிருங்க சார்" என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். என்னை விட வயதில் மூத்தவர்கள், நேற்று வரை என்னைப் பெயர் சொல்லி "டேய்" என்றவர்கள், தங்கள் பிள்ளையின் தோலை என்னிடம் தட்டில் வைத்துக் கொடுக்கிறார்கள். எனக்குக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும். பெருமையாக இருந்தது. கரும்பலகைக்குப் பின்னால் அந்தக் குச்சிகளைக் கட்டாக நிறுத்தி வைத்தேன்.

பிறகு நீ என் வகுப்புக்கு வந்தாய். மூன்றாம் வகுப்பு. முதல் நாளே எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. உனக்குச் சலுகை காட்டுகிறேன் என்று லயத்தில் பேசிவிடுவார்களோ, நம்மில் ஒருவன் வாத்தியாரானதும் தன் பிள்ளையை மட்டும் மேலே ஏற்றிவிடப் பார்க்கிறான் என்பார்களோ என்று. அதற்கு நான் கண்டுபிடித்த வைத்தியம் என்ன தெரியுமா? யார் பிழை விட்டாலும் முதல் அடி உனக்கு. வகுப்பு சத்தம் போட்டால் உனக்கு. பின் வாங்கில் உட்கார்ந்த பையன் வாய்ப்பாட்டை மறந்தால், முதலில் உனக்கு ஒன்று, அப்புறம் அவனுக்கு. உன்னை அடித்துவிட்டேன் என்றால் மற்றப் பிள்ளைகளை அடிக்க எனக்கு உரிமை வந்துவிடும், எந்தத் தகப்பனும் வாய் திறக்க மாட்டான். அதை நான் நீதி என்று நினைத்தேன். அதிலும் ஒரு கருணை வைத்திருந்தேன்: இடது கையில்தான் அடிப்பேன், வலது கை எழுதுகிற கை. எட்டு வயதில் நீ, நான் பெயரைக் கூப்பிடுவதற்கு முன்பே எழும்பி வந்து இடது கையை நீட்டுவாய். "பாத்தீங்களா, வாத்தியார் புள்ளைக்கே விழுது" என்று மற்றப் பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்வார்கள். அது என் காதுக்கு வரும்போது நிம்மதியாக இருக்கும். உன் கையை விற்று நான் வாங்கிய நல்ல பெயர் அது.

உன் அம்மா சமையலறையில் வைத்து உன் கைக்குத் தேங்காய் எண்ணெய் பூசுவாள். எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியும். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ள மாட்டோம். அடிக்கிற கைதான் அணைக்கும் என்று ஊரில் சொல்வார்கள், நான் அடித்த பிறகு உன்னை அணைத்தேனா? ஒரு நாள்கூட இல்லை. அணைத்தால் அடியின் மதிப்புக் குறைந்துவிடும் என்று நினைத்தேன். நாலாம் வகுப்பில் உனக்குச் சத்தமாக வாசிக்க நாக்குத் தடுக்கத் தொடங்கியது. தடுக்கினால் அதற்கும் விழும், விழுந்தால் இன்னும் தடுக்கும். அந்த வருஷம் வீட்டில் காலை நேரத்தில் ஒரு விஷயம் நடந்துகொண்டிருந்தது, ஒன்பது வயதுப் பிள்ளை வெட்கப்படுகிற விஷயம். அதை நான் ஒரு நாள் வகுப்பில் எல்லோர் முன்பும் சொல்லிச் சிரிக்க வைத்தேன். என்ன விஷயம் என்று இங்கே மறுபடி எழுதப் போவதில்லை. நீ மறந்திருந்தால் நல்லது. மறந்திருக்க மாட்டாய்.

உன் பல் வீங்கியதே, அது ஞாபகமா? எட்டு நாள் வலியோடு இருந்திருக்கிறாய், ஒரு வார்த்தை சொல்லவில்லை. கன்னம் வீங்கிக் கண் மூடிய பிறகுதான் அம்மா பார்த்தாள். தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுப்பவர் என்னைப் பார்த்து, "ஏன் சார், பெத்த புள்ளைக்கு வலிச்சா ஒங்ககிட்ட சொல்லக்கூடப் பயமா?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல்தான். இப்போது நினைத்தால், நீ அந்த எட்டு நாளிலிருந்து இன்னும் வெளியே வரவில்லை என்று தோன்றுகிறது. கொழும்பில் உனக்கு வேலை போய் நாலு மாதம் வீட்டில் இருந்தாயே, அதை நான் யாருடையதோ ஒரு கல்யாண வீட்டில் இன்னொருவர் வாயால் அல்லவா கேள்விப்பட்டேன்! ஃபோனில் நான் என்ன கேட்டாலும் "சரிப்பா", "ஓகேப்பா" என்று இரண்டே வார்த்தை. மரியாதையான பிள்ளை என்று ஊரெல்லாம் சொல்லும். மரியாதையா அது? முப்பத்தெட்டு வயதில், இரண்டு பக்க நரையோடு, நீ இன்னமும் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாய்.

இந்தக் "கையைப் பார்ப்பது" என்ற பேச்சு என்னுடையது இல்லை. அதைச் சொன்னவர் வசந்தி மிஸ். உனக்கு அந்தப் பெயர் ஞாபகம் இருக்கிறதா? மேடையில் நீ அவரைச் சொல்லவே இல்லை. உன் மேல் பிழை இல்லை, அவரைப் பற்றி வீட்டில் பேச்சு வராமல் பார்த்துக்கொண்டவன் நான். நீ ஐந்தாம் வகுப்புக்கு வந்த வருஷம் எனக்கு ஆசிரியர் பயிற்சிக் கலாசாலைக்குக் கடிதம் வந்தது. ஜனவரியில் போனேன். மாதம் ஒரு தடவைதான் வீட்டுக்கு வருவேன். என் இடத்துக்கு வந்தவர்தான் வசந்தி மிஸ். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, இருபத்து நாலு வயது இருக்கும். கண்டியில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி, தினமும் பஸ்ஸில் மலை ஏறி வருவார். வந்த முதல் கிழமையே கரும்பலகைக்குப் பின்னால் இருந்த குச்சிக் கட்டை எடுத்து, டீ ஊற்றுகிற அம்மாவிடம் அடுப்பெரிக்கக் கொடுத்துவிட்டாராம். எனக்குக் கேள்விப்பட்டதும் பற்றிக்கொண்டு வந்தது. லீவில் வந்தபோது நேரே பாடசாலைக்குப் போனேன்.

"மிஸ், இந்தப் பிள்ளைகளுக்கு அடி இல்லாட்டி ஏறாது. புலமைப்பரிசில் வருஷம் இது. முருங்கைய ஒடிச்சு வளக்கணும், புள்ளைய அடிச்சு வளக்கணும்" என்றேன். அவர் பயந்துகொண்டேதான் பேசினார். ஆனாலும் பேசினார். "குறை நினைக்காதேங்கோ சேர். அடிச்சா பிள்ளையள் கொப்பியைப் பாக்காதுகள், என்ர கையைத்தான் பாக்குங்கள். உங்கட மகனும் முதல் கிழமை முழுக்க என்ர கையைத்தான் பாத்தவன். கேள்வி கேட்டால் எழும்பி வந்து கையை நீட்டுறான். இப்ப ‘ஏன் மிஸ் இது பிழை’ எண்டு கேக்கிறான். கெட்டிக்காரன் சேர் அவன்." நேற்று வந்த பிள்ளை எனக்குப் படிப்பிக்க வந்துவிட்டாள் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்தால் நீ விசிலடித்துக்கொண்டு மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருக்கிறாய். என்னைக் கண்டதும் விசில் நின்றுவிட்டது. அம்மா சொன்னாள், "இப்ப சத்தமா வாசிக்கிறான்ங்க. எனக்கே பின்னக் கணக்கு சொல்லிக் குடுக்குறான்." அதையும் நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆகஸ்டில் புலமைப்பரிசில் பரீட்சை எழுதினாய். பாஸ் பண்ணினாய். எங்கள் பாடசாலையில் அதுதான் முதல் தடவை. லயத்தில் தப்பு மேளம் அடித்தார்கள், கோயிலில் பொங்கல் வைத்தார்கள், பாடசாலையில் கூட்டம் வைத்து உனக்கு ஒரு மாலை, எனக்கு ஒரு மாலை. தோட்டத்துத் தலைவர் எழும்பிச் சொன்னார்: "நம்ம சார் அடிச்ச அடி வீண் போகல!" எல்லோரும் தட்டினார்கள். வசந்தி மிஸ் மண்டபத்தின் ஓரத்தில், பிள்ளைகளோடு நின்று தானும் தட்டிக்கொண்டிருந்தார். தம்பி, அந்த எட்டு மாதத்தில் உன் மேல் ஒரு அடி விழவில்லை. உன்னைப் பாஸ் பண்ண வைத்தது அடி இல்லை, அடி நின்றது. அதை அந்த இடத்தில் தெரிந்த பெரியவர்கள் மூன்று பேர்: நான், அந்த மிஸ், உன் அம்மா. மிஸ் அத்தனை பேர் முன்னால் சொல்லத் தைரியம் இல்லாதவர். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். நான் எழும்பி, "எல்லாம் கண்டிப்பால வந்தது" என்று சொல்லி மாலையைச் சரி செய்துகொண்டேன். அடுத்த தவணையில் மிஸ் மாற்றலாகிப் போய்விட்டார். போகும்போது விடை சொல்ல வீட்டுக்கு வந்தார். நான் வீட்டில் இல்லை என்று சொல்லச் சொன்னேன்.

பத்து வயதுப் பிள்ளைக்கு எட்டு மாதம் எம்மாத்திரம்? அடி ஞாபகம் இருக்கும், அடி இல்லாத நாள் எப்படி ஞாபகம் இருக்கும்? அதோடு நானே உனக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தேன்: அன்றைக்கு அடித்தேன், இன்றைக்கு ஆளானாய். நீ சாதாரண தரப் பரீட்சை பாஸ் பண்ணியபோதும் அதே கதை. கம்பஸ் போனபோதும் அதே கதை. முப்பது வருஷம் ஒரே பொய்யைச் சொன்னால், சொல்கிறவனுக்கே பாதி உண்மையாகிவிடுகிறது. நீ மேடையில் சொன்னது என் பொய், உன் குரலில். இன்னொருவர் விலாசத்துக்கு வந்த மணியோடரைக் கையெழுத்துப் போட்டு வாங்கித் தின்றவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

பொய் பொய்யோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. நான் கலாசாலை முடித்துத் திரும்பி வந்த முதல் விஜயதசமிக்கு எனக்கு வந்த குச்சிகளை வைக்க இடமில்லை. அலுமாரிக்குப் பின்னாலும் வைத்தேன். கமலாவைத் தெரியும்தானே, உனக்கு மூன்று வருஷம் பின்னால் படித்தவள்? நல்ல மூளை. இரண்டாவது பாஸ் அவள்தான் என்று எனக்கு வெறி. அடித்தேன். காலையில் பாடசாலை நேரத்துக்குச் சரியாக வயிற்றுவலி வருகிறது என்று அவள் அம்மா சொன்னாள். நடிப்பு என்று அதற்கும் அடித்தேன். ஒரு திங்கட்கிழமை வரவில்லை. அப்புறம் வரவே இல்லை. பதினாறு வயதில் கொழுந்து பறிக்கப் போய்விட்டாள். ஆண்டு விழாவில் நீ பேசி இறங்கியதும், சாப்பாட்டுத் தட்டோடு என் கதிரைக்குப் பக்கத்தில் வந்து நின்றாளே, நீ அப்போது யாரோடோ செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தாய். அவள்தான் கமலா. "அண்ணன் நல்லா பேசுனாரு சார்" என்றாள். நான் தலையாட்டினேன். அவள் கோபப்படவே இல்லை, சிரித்துக்கொண்டே சொன்னாள்: "மேடையில ஏறுனது ஒருத்தரு தான சார். அதே அடிய வாங்கிட்டு நாங்க அம்புட்டுப் பேரும் கீழ தான ஒக்காந்திருக்கோம். எங்கள யாரு பேசக் கூப்புட்டா?" சொல்லிவிட்டு, "சாப்பிடுங்க சார், ஆறிப்போகுது" என்று தட்டை என் கையில் வைத்துவிட்டுப் போனாள். நான் தட்டை அப்படியே கதிரைக்குக் கீழே வைத்தேன். சுகமில்லை என்று உன்னிடம் சொன்னேன்.

அன்று காரில் திரும்பி வரும்போது நீ சொன்னது ஞாபகமா? "அப்பா, இவன் சொல் பேச்சுக் கேக்குறதே இல்ல. ஒங்ககிட்ட தான் விடப்போறேன். என்னைய வளத்த மாதிரியே வளத்து விடுங்க. கண்ண மட்டும் விட்ருங்க" என்று சிரித்தாய். பின் சீட்டில் சஞ்சய் உட்கார்ந்திருந்தான். நான் கண்ணாடியில் பார்த்தேன், அவன் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அப்போதே நான் வண்டியை நிறுத்தச் சொல்லி உன்னிடம் பேசியிருக்க வேண்டும். எப்போதும் போல வாயை மூடிக்கொண்டேன்.

போன வாரம் லீவுக்கு அவனை எங்களிடம் அனுப்பினாய். திங்கட்கிழமை, அம்மா குளித்துக்கொண்டிருந்தபோது, அவன் பால்மா டின்னை எடுக்கப் போய்த் தட்டிவிட்டான். சமையலறைத் தரையெல்லாம் வெள்ளை. நான் சத்தம் கேட்டுப் போனேன். திட்டக்கூட இல்லை. அவன் என்னைப் பார்த்தான், நேரே என் முன்னால் வந்து நின்றான், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு இடது கையை நீட்டினான். ஏழு வயது, தம்பி. விரல்களை நேராக, கட்டை விரலை உள்ளே மடக்கி, சரியாக நீ நீட்டுவது போலவே. "யாருடா இப்பிடி நீட்டச் சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டேன். கண்ணைத் திறக்காமலே சொன்னான்: "அப்பா. வலது கை எழுதுற கை தாத்தா." நான் அப்படியே பால்மாவில் உட்கார்ந்துவிட்டேன். நீ அவனை அடிக்கிறாய் என்று அதுவரை எனக்குத் தெரியாது. மருமகளுக்குத் தெரியுமா, அவளும் எண்ணெய் பூசுகிறாளா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இதோடு கடிதத்தை முடித்திருந்தால் நான் திருந்திய மனுஷன் என்று நீ நினைத்துக்கொள்வாய். அதற்குத்தான் உன் அம்மா ஒன்று விடாமல் எழுதச் சொன்னாள். புதன்கிழமை அவனுக்கு ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஏழெட்டு என்றால் ஐம்பத்து நாலு என்கிறான். திருத்தினேன். மறுபடி ஐம்பத்து நாலு. மூன்றாம் தடவை, நான் நினைக்கவே இல்லை, என் கை போய் அவன் உச்சந்தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்துவிட்டது. திங்கட்கிழமை அவ்வளவு கலங்கியவன், எழுபத்திரண்டு வயதில், எல்லாம் தெரிந்தவன், இரண்டே நாளில்! அவன் அழவில்லை, உடனே "சரி தாத்தா" என்றான். அந்தச் "சரி"யை நான் முப்பது வருஷமாக உன்னிடமிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். அம்மா வாசல் நிலையில் நின்று பார்த்திருக்கிறாள். கத்தவில்லை. "அன்னைக்கு என் புள்ளைக்கு விழுந்தப்ப எண்ணெய் தடவிக்கிட்டு வாய மூடிக்கிட்டு இருந்தேன். நானும் கூட்டுத்தான். இன்னைக்கு அப்பிடி இருக்க மாட்டேன்" என்றாள். மறுநாள் காலை ரயில்.

ஆக, தம்பி, நீ மேடையில் எனக்குத் தந்த நன்றியை இத்தோடு திருப்பி அனுப்புகிறேன். அது வசந்தி மிஸ்ஸுடையது. எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை, நீ இன்டர்நெட்டில் தேடினால் கிடைக்கக்கூடும். நீ காரில் எனக்குக் கொடுத்த அனுமதியையும் திருப்பித் தருகிறேன், எனக்கு வேண்டாம். சஞ்சயை விட்டுவிட்டுப் போவதா, கூடக் கூட்டிப் போவதா என்பதை நீயும் மருமகளும் பேசி முடிவு செய்யுங்கள். என்னை நம்பி விடாதே, என் கையை எனக்கே நம்ப முடியவில்லை. அம்மாவை நம்பி விடலாம். அவள் இனி வாயை மூட மாட்டாள், அது நிச்சயம். வாய்ப்பாடு சொல்லிக் கொடுப்பதும் அவள்தான், எனக்கு அந்த வேலை கிடையாது என்று ஏற்கெனவே உத்தரவு வந்துவிட்டது. கோபம் வந்தால் நான் கேட்டுக்கு வெளியே போய் நடக்க வேண்டுமாம். இந்த இரண்டு நாளாக நடந்து பழகிக்கொண்டுதான் இருக்கிறேன்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும், நேரில் கேட்டால் குரல் உடையும், அதனால் எழுதுகிறேன். நான் உன்னை அடித்தது தப்பு. காலம் அப்படி, ஊர் அப்படி, எல்லோரும் அடித்தார்கள் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். அடியாத மாடு படியாது என்பார்கள், நீ மாடு இல்லை, என் பிள்ளை. நான் அடித்தது தப்பு, வகுப்பில் உன்னைப் பார்த்து எல்லோரையும் சிரிக்க வைத்தது அதைவிடத் தப்பு, உன் உழைப்புக்கு என் குச்சியின் பேரை வைத்தது எல்லாவற்றையும்விடத் தப்பு. என்னை மன்னித்துவிடு. உடனே "விடுங்கப்பா" என்று சொல்லிவிடாதே. கோபம் இருந்தால் கோபப்படு. ஒரு தடவையாவது என்னிடம் "ஏன் அடிச்சீங்க" என்று கேள். நான் பதிலுக்குத் தயாராக இல்லை, ஆனாலும் கேள்.

கடிதம் இங்கே முடிந்தது என்றுதான் நினைத்தேன். சித்தி வீட்டுக்கு ஃபோன் எடுத்து, எழுதிவிட்டேன் என்று அம்மாவிடம் சொன்னேன். "முழுசாவா?" என்றாள். முழுசாக என்றேன். "அப்ப நாளைக்கு வாறோம். மொதல்ல இவன்கிட்ட பேசுங்க" என்று ஃபோனை சஞ்சயிடம் கொடுத்துவிட்டாள். "தாத்தா அன்னைக்கு ஒன்னைய குட்டுனது தப்புடா. என்னைய மன்னிச்சிரு. இனிமே செய்ய மாட்டேன்" என்றேன். பின்னால் ரயில் போகிற சத்தம் மட்டும் கேட்டது. வைத்துவிட்டானோ என்று நினைத்தேன். அப்புறம் மெதுவாகக் கேட்டான்:

"அப்பாவும் இப்பிடிச் சொல்லுவாரா தாத்தா?"

தெரியாது என்றேன். சனிக்கிழமை வருவார், அவரிடமே கேள் என்றேன்.

அப்பா